பதினோரு ஆண்டுகள் அடைபடாத ஓட்டை

ஃபில் ஓஸ்டர் என்ற லினக்ஸ் நிரலாளர், தன் சர்வர்களுக்கு வரும் போக்குவரத்தைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் உள்ளவர். 2016-இல் ஒரு சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. பதிவுகளைத் தோண்டியதில் ஊடுருவியவர்கள் ஏற்றிய நிரலே சிக்கியது. அது பயன்படுத்திய ஓட்டை லினக்ஸின் கெர்னலில் இருந்தது. அதுவும் 2007-இல் வெளியான 2.6.22 பதிப்பிலிருந்தே.

நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்தக் கோப்பில் யார் எழுதலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது கெர்னல். ஒரு செயலியில் ஓட்டை விழுந்தால் சேதம் பெரும்பாலும் அதோடு போகும். கெர்னலில் விழுந்தால் தட்டிக் கேட்க ஆளில்லை.

'டர்ட்டி கௌ' என்று பெயர் பெற்ற இந்த ஓட்டை வேலை செய்யும் விதம் சுவையானது. ஒரே கோப்பைப் பல நிரல்கள் படித்தால், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் நினைவகத்தின் ஒரே பக்கத்தைத்தான் காட்டும். எழுத முனையும் நிரலுக்கு மட்டும் தனி நகல் எடுத்துத் தரும். நூலகப் புத்தகத்தில் கிறுக்காதே, ஜெராக்ஸ் எடுத்துக் கிறுக்கு என்பதுபோல. ஆனால் நகல் எடுப்பதும் அதில் எழுதுவதும் இரண்டு தனிப் படிகள். இடைப்பட்ட நொடித்துளியில், அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு இழை "இந்த நகல் வேண்டாம்" என்று சொல்லி அதைத் தூக்கியெறிய வைத்தால், கெர்னல் ஏமாந்து அசலிலேயே எழுதிவிடும். இந்தத் தருணம் தானாக வாய்ப்பது அபூர்வம். கணினிக்குச் சலிப்பு ஏது? விடாமல் முயன்றால் எப்போதாவது பலித்துவிடும். பிறகு, படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒருவர் பயனர் கணக்குகளின் கோப்பைத் திருத்தி, கணினி முழுவதையும் ஆளும் 'ரூட்' அதிகாரத்தையே கைப்பற்றலாம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே இதை அடைக்கப் பார்த்தவர். ஐபிஎம் மெயின்பிரேம்களில் சிக்கல் எழுந்ததால் அந்தத் திருத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று ஏட்டளவில் இருந்த ஆபத்து, கெர்னல் மாற மாற நிஜமாகிவிட்டது. 2016 அக்டோபரில் வந்த திருத்தம் சில வரிகள்தான். அதிலும், பெரிய நினைவகப் பக்கங்களைக் கையாளும் இடத்தில் கோட்டை விட்டிருந்தார்கள். 2017 நவம்பரில்தான் அது வெளிப்பட்டது. திறந்த மூலநிரலை எல்லோரும் பார்க்கிறார்கள், பிழை தப்பாது என்ற பெருமைக்கு விழுந்த குட்டு இது.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. இதே ஓட்டையைப் பயன்படுத்திய ஒரு தீநிரல் 2017-இல் கைபேசிகளில் பரவியது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தவர்கள். கூகுள் அதற்கான திருத்தத்தை வெளியிட்டு அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன.