களத்தூர்ப் பிள்ளையும் பொன்மலைக் கூட்டமும்

கூட்டம் பெரிது! அதிலே ஐயமில்லை. 2018 ஏப்ரல் 4 ஆம் நாள் மாலை, திருச்சி பொன்மலை ஜி கார்னர் திடலில் நாமும் ஓரமாக நின்றோம். பட்டறை வேலை முடிந்து, எண்ணெய்க் கறை முழுதும் போகாத கையோடு வந்தவர்கள் ஒருபுறம். கல்லூரி இளைஞர்கள் மறுபுறம். பக்கத்திலே நின்ற பெரியவர் ஒருவர், மேடையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். களத்தூர் கண்ணம்மாவில் தாம் கண்ட அந்தப் பிள்ளையா இது, எப்படி வளர்ந்துவிட்டான் என்று நம்மிடம் வியந்தார். மேடையில் நின்ற ‘பிள்ளை’க்கு அன்று வயது 63!

சிரிக்காதீர்கள், தோழர்களே! குழந்தையாக வெண்திரையில் தோன்றியவருக்கு நேரும் விதி இதுதான். நாடு அவரை வளர விடுவதில்லை. முடி நரைத்தாலும் அன்றைய முகத்தைத்தான் தேடுகிறது. அந்தப் பாசம் பெரிய சொத்து. அதுவே பெரிய சுமையும் ஆகும்.

கமல்ஹாசனைத்தான் சொல்கிறோம். 1954 நவம்பர் 7 இல் பரமக்குடியிலே பிறந்தவர். 1960 ஆகஸ்டில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட படம் களத்தூர் கண்ணம்மா. பீம்சிங் இயக்கினார். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நாயகன் நாயகி. கொட்டகையை அழ வைத்ததோ அனாதை விடுதிப் பிள்ளையாக வந்த அந்த ஐந்து வயதுச் சிறுவன்! குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் அந்தச் சின்னக் கழுத்துக்குக் கிடைத்தது. பிறகு பார்த்தால் பசி தீரும் படத்தில் சிவாஜியோடும், ஆனந்த ஜோதியில் எம்.ஜி.ஆரோடும் நடித்தான்.

அந்த முதற்படத்தில் ஆண்டவனை நோக்கி உருகிப் பாடிய பிள்ளை, வளர்ந்து ஆளான பின் பெரியாரைப் பற்றிப் பேசினார். தாம் பகுத்தறிவாளர் என்றார். தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். வைணவக் குடும்பத்துப் பிள்ளை! சீரங்கத்து இராஜகோபுரத்துக்கு எதிரே, 2006 டிசம்பரில் திறப்பு நாளுக்கு முன்பே உடைக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கிறதே பெரியார் சிலை, அதைக் கடந்து போகும்போதெல்லாம் இந்த வேடிக்கை நம் நினைவுக்கு வருகிறது. வாய்க்குப் பாட்டு கொடுத்தவர்கள் மனத்துக்குப் பூட்டுப் போட முடியவில்லை, பார்த்தீர்களா?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். குழந்தை நடிப்பது விளையாட்டு அல்ல, வேலை. கண் கூசும் விளக்கு, முகத்திலே பூச்சு, தூக்கம் வரும் நேரத்தில் ‘இன்னொரு முறை’ என்ற கட்டளை! அமெரிக்காவிலே ஜாக்கி கூகன் என்றொரு சிறுவன். 1921 இல் சார்லி சாப்ளினோடு நடித்து உலகையே மயக்கினான். பணம் மலைபோல் குவிந்தது. வயது வந்து பெட்டியைத் திறந்தால், ஏறக்குறையக் காலி! தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். வழக்கு நடந்தது, நாடு கொதித்தது, 1939 இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைக் காப்பதற்குச் சட்டம் பிறந்தது.

நம் நாட்டில்? குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986 இல் வந்தது. 2016 இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். சினிமாவுக்கும் குடும்பத் தொழிலுக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள்! 2017 இல் விதிகள் வந்தன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வின்றி மூன்று மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருவாயில் நூற்றுக்கு இருபதாவது பிள்ளையின் பெயரிலேயே நாட்டுடைமை வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். நல்ல விதிகள்தாம்! களத்தூர் கண்ணம்மா வந்து 57 ஆண்டு கழித்து வந்த விதிகள். திருச்சி வட்டாரத்துக் குடிசைகளில் செயற்கை வைரக் கல்லைப் பட்டை தீட்டித் தேய்ந்த பிஞ்சு விரல்களைக் கண்டவர்கள் நாம். பீடி சுற்றிய பிள்ளைகளைக் கண்டவர்கள். அந்தப் பிள்ளையின் கூலியும் கூலிதான், விளக்கொளியில் நின்ற பிள்ளையின் கூலியும் கூலிதான்.

கமலுக்கு அந்தப் பருவம் கடந்ததும் வாய்ப்பு நின்றது. டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்தார். நடன உதவியாளராக உழைத்தார். 1973 இல் பாலசந்தரின் அரங்கேற்றம் வந்தபோதுதான் வளர்ந்த நடிகராகத் தலை நிமிர்ந்தார். தம் இரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றி, இரத்த தானத்துக்கும் கண் தானத்துக்கும் அனுப்பினார். இதை நாம் பாராட்டுகிறோம். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் நாட்டிலே இது சிறு காரியம் அல்ல.

ஆனால் அரசியல்? அங்கேதான் திருச்சி பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஊர் சங்கிலியாண்டபுரத்திலே வளர்ந்த கணேசன், சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சிவாஜி ஆனார். நடிப்பிலே அவருக்கு இணை யார்? 1988 இல் தனிக்கட்சி கண்டார். 1989 இல் திருவையாற்றில் நின்றார். தோற்றார்! அவரைக் கண்டு அழுத ஊர், சிரித்த ஊர், வாக்குப் பெட்டியின் முன் வேறு கணக்குப் போட்டது. பாலக்கரையிலே எழுப்பிய அவர் சிலைகூடத் துணி மூடியபடி ஆண்டுக்கணக்கில் நின்றது. 2025 மே மாதத்தில்தான் திருச்சியில் வேறிடத்தில் வைத்துத் திறந்தார்கள்.

எம்.ஜி.ஆரும் சிறுவயதில் மேடையேறியவரே. ஆனால் 1953 இல் கழகத்துக்கு வந்து, 1972 இல் தனிக்கட்சி காணும் வரை, பத்தொன்பது ஆண்டுகள் கொடி பிடித்த தொண்டனோடு பழகியவர். செல்வி ஜெயலலிதாவைப் பாருங்கள். பள்ளி வயதிலேயே கன்னடப் படமொன்றில் முகங்காட்டியவர். 2011 இல் சீரங்கத்தில் நின்று 41,848 வாக்கு வேறுபாட்டில் வென்றார். எதிரணி என்பதற்காக எண்ணிக்கையை மறைக்க மாட்டோம்! 1982 இல் கட்சியில் சேர்ந்து, 1984 இல் மாநிலங்களவைக்குச் சென்றவர் அவர். சீரங்கத்து வெற்றிக்குப் பின்னே மூன்று பத்தாண்டுக் கட்சி அமைப்பு நின்றது.

1956 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். இதே திருச்சியில் கழக மாநில மாநாடு. தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா? தலைவர்கள் தாமே முடிவெடுக்கவில்லை. வந்தவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். வேண்டும் என்றோர் 56,942. வேண்டாம் என்றோர் 4,203. கட்சி பிறந்து ஏழாண்டு கழித்துத்தான் அந்தக் கேள்வியே எழுந்தது! மறு ஆண்டு சட்டமன்றம் சென்றவர்கள் பதினைந்து பேர். பிறகு பத்தாண்டு தெருத்தெருவாக, படிப்பகம் படிப்பகமாக உழைத்துத்தான் 1967 வந்தது.

கமல் 2018 பிப்ரவரி 21 இல் மதுரையில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கினார். ஆறு வாரத்தில் இரயிலேறித் திருச்சி வந்து, ஜி கார்னரில் காவிரிக்காகக் குரல் கொடுத்தார். உச்சநீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்திருந்த நேரம். ஆறு வாரக் கெடுவும் முடிந்து, டெல்லி வாய் திறக்காத நேரம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றத் தேர்தல்! நூற்றுக்கு நான்கு வாக்குகூடத் தேறவில்லை. 2021 இல் கோவை தெற்கில் தாமே நின்றார். 1,728 வாக்கில் வெற்றி நழுவியது. இங்கே திருவெறும்பூரில் நின்ற அவர் கட்சி முன்னணியாளரும் தோற்றார். திடலில் நாம் கண்ட அந்தப் பெரியவரின் அன்பு பொய்யா? பொய்யல்ல. ஆனால் விடியற்காலையில் சாவடி வாசலில் பட்டியலோடு உட்கார, தெருவுக்கு இரண்டு பேராவது வேண்டாமா?

ஷர்லி டெம்பிள் கதையும் இதுதான். உலகமே கொஞ்சிய சிறுமி. 1967 இல் கலிபோர்னியாவில் காங்கிரஸ் சபைக்கு நிற்க முயன்று, தம் கட்சிப் போட்டியிலேயே தோற்றார். வீட்டில் முடங்கினாரா? இல்லை! 1969 இல் ஐ.நா.வுக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் இடம் பெற்றார். 1974 இல் கானா நாட்டுக்குத் தூதரானார். 1989 இல் செக்கோஸ்லோவாகியாவுக்கும் தூதரானார். வாக்காளர் தராத மதிப்பை வேலை தந்தது.

கமலும் 2024 இல் நம் அணிக்கு வந்தார். 2025 ஜூலை 25 இல் மாநிலங்களவையில் தமிழிலே உறுதிமொழி எடுத்தார். ஆறாண்டுப் பதவி. அவருக்கு நாம் ஒரு வேலை சொல்லுகிறோம். காவிரியை அவர் பார்த்துக்கொள்வார். அதைப் பேச அங்கே நம்மவர் பலர் உண்டு. குழந்தை நடிகனாக விளக்கொளியில் நின்றவர்களை அந்த அவையிலே விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் எழுந்து கேட்கட்டும்: 2017 விதிப்படி எத்தனை பிள்ளைகளின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தீர்கள்? ஐந்து மணி நேரத்தை யார் கடிகாரம் பார்த்து எண்ணுகிறார்கள்? மீறிய தயாரிப்பாளர் எத்தனை பேர் மீது வழக்குப் போட்டீர்கள்? பதில் வந்ததும், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜி கார்னருக்கு வரட்டும். நாம் அதே ஓரத்தில் நிற்போம்.