பொன்னேரிப் பக்கத்தில் ஒரு தாய்வீடு

பாரதியார் என்றால் எட்டயபுரம், உ.வே.சா. என்றால் உத்தமதானபுரம் என்று பட்டியல் போட்டுப் பார்க்கப் போகிறோம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகும் போதெல்லாம் பொன்னேரியைத் தாண்டித்தான் போகிறேன். பக்கத்திலிருக்கும் சின்னக்காவணம், திருவருட்பா பாடிய வள்ளலாரின் அம்மா பிறந்த ஊர் என்பது என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது!

அந்த அம்மாள் பெயர் சின்னம்மையார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் கிராமக் கணக்கராக இருந்த ராமையாப் பிள்ளைக்கு ஆறாவது மனைவி. முந்தைய ஐவரும் குழந்தையில்லாமலே காலமானார்களாம். இவருக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேர். கடைக்குட்டி ராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5-ந் தேதி. அதற்கு ஒரு வயது நிறைவதற்குள் கணவர் போய்விட்டார்.

ஐந்து குழந்தைகளோடு அந்த அம்மாள் திரும்பி வந்த இடம்தான் சின்னக்காவணம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தென்னாட்டில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-ல். கைக்குழந்தையோடு எப்படித்தான் வந்தாரோ! நமக்கெல்லாம் மாம்பலம் போய் வருவதற்குள் இடுப்பு ஒடிகிறது.

அங்கிருந்து பிறகு சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறினார்கள். மூத்தவர் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டமே கதியென்று கிடந்தார். கோபத்தில் அண்ணன், ‘அவனுக்குச் சோறு போடாதே’ என்று மனைவிக்கு உத்தரவு போட்டாராம். அண்ணி பாப்பாத்தி அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கணவருக்குத் தெரியாமல் கொல்லைப் பக்கமாக வரச் சொல்லிச் சாப்பாடு போட்டார். ஒரு நாள் பரிமாறும்போதே அழுதுவிட, அதன் பிறகுதான் தம்பி வீடு தங்கினார் என்று வரலாறு சொல்கிறது.

1867 மே 23-ந் தேதி வடலூரில் தருமசாலை தொடங்கி, ஏழைகளுக்குச் சோறு போட அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கொல்லைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கு ஒரு வரிதான்! எனக்கென்னவோ, அந்த நெருப்பில் பாதி அண்ணி கொடுத்தது என்றே தோன்றுகிறது.

(வள்ளலார் தினம் சாப்பிடச் சொன்ன கீரைகளில் கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் முக்கியமானவை. கரிசலாங்கண்ணியைப் பருப்போடு கடைந்தால் குழந்தைகள் முகம் சுளிக்க மாட்டார்கள்.)

எங்கள் தெருவில் ஒரு பெண். சின்ன வயசு. கணவரை இழந்து இரண்டு குழந்தைகளோடு தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். சிப்காட்டில் வேலைக்குப் போகிறாள். ‘தாய்வீட்டுச் சோறு எத்தனை நாளைக்குக்கா?’ என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சின்னம்மையார் கதையைச் சொன்னேன். அவளுடைய அண்ணியும் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘ஞாயிற்றுக்கிழமை எனக்கும் லீவுதான், பொன்னேரி போய்ட்டு வரலாமாக்கா?’ என்றாள் அந்தப் பெண்.

‘குழந்தைங்களை நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போங்க’ என்றாள் அண்ணி.

‘நீயும்தான் வா’ என்று மூன்று டிக்கெட்டாக எடுத்தோம்.