பாலிப் தேடும் ஆய்வுகளும் அவற்றின் அமைப்பும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை திடீரென்று தோன்றுவதில்லை. குடலின் உட்சுவரில் அரும்பும் ‘பாலிப்’ என்னும் சதை வளர்ச்சிகளுள் ‘அடினோமா’ என்ற வகையைச் சேர்ந்த சில, பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து புற்றாக மாறுகின்றன. நுனியில் கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே பெருங்குடலின் தொடக்கமுனை வரை செலுத்தி, அதை மெல்ல வெளியே இழுத்து வரும்போது சுவரின் மடிப்புகளைத் திரையில் பார்த்து, கண்ணில் பட்ட பாலிப்பை அப்போதே அகற்றும் முறையே கொலோனோஸ்கோப்பி. அது நோயைக் கண்டறிவதோடு தடுக்கவும் செய்கிறது. அந்தத் தடுப்பாற்றலோ, மருத்துவர் எதைக் காண்கிறார், எதைக் காணாமல் விடுகிறார் என்பதைப் பொறுத்தது. கூடுதலான பாலிப்களைக் காட்டித் தருவதாகச் சொல்லிப் புதிய கருவிகள் தொடர்ந்து வருகின்றன. அவற்றைச் சோதித்த ஆய்வு எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறியாமல் அதன் முடிவை எடைபோட இயலாது.

காணாமல் விட்டதை அளப்பது எளிதன்று, ஏனெனில் குடலுக்குள் உண்மையில் எத்தனை பாலிப்கள் இருந்தன என்பதற்கு வேறு முழுமையான சான்று கிடைப்பதில்லை. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இரு முறை கொலோனோஸ்கோப்பி செய்து, முதல் முறை தப்பி இரண்டாம் முறை அகப்பட்டவற்றை எண்ணுவது. அமெரிக்க மருத்துவர் டக்ளஸ் ரெக்ஸும் அவர் குழுவினரும் 183 பேரிடம் இவ்வாறு சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், அடினோமாக்களில் 24 விழுக்காடு முதல் முறை தவறவிடப்பட்டிருந்தன; 5 மி.மீ. வரையிலான சிறியவற்றில் அது 27 விழுக்காடாகவும், ஒரு செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் 6 விழுக்காடாகவும் இருந்தது. ஒவ்வொரு நோயாளியும் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைவதால், குறைந்த எண்ணிக்கையினரைக் கொண்டே விடை காண முடிவது இவ்வமைப்பின் பலம். ஆனால் இரண்டு முறையும் தப்பியவை கணக்கில் வருவதில்லை. மேலும், தமக்குப் பின் இன்னொரு பார்வை உண்டு என்று அறிந்த மருத்துவர் வழக்கத்தைவிடக் கூர்ந்து பார்க்கவும் கூடும், தளர்ந்துவிடவும் கூடும்.

அன்றாட மருத்துவமனையில் எவருக்கும் இரு முறை சோதனை செய்ய முடியாது என்பதால், ‘அடினோமா கண்டறிதல் வீதம்’ என்ற அளவுகோல் வழக்கில் வந்தது. ஒரு மருத்துவர் சோதித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினரிடம் ஓர் அடினோமாவேனும் கண்டார் என்பதே அது. அமெரிக்காவில் 136 மருத்துவர்கள் செய்த 3,14,872 கொலோனோஸ்கோப்பிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இவ்வீதம் மருத்துவருக்கு மருத்துவர் 7.4 விழுக்காட்டிலிருந்து 52.5 விழுக்காடு வரை வேறுபட்டது. வீதம் ஒரு புள்ளி உயரும்தோறும், சோதனைக்குப் பின் புற்றுநோய் வரும் அபாயம் 3 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. இந்த அளவுகோலிலும் ஓர் இடைவெளி உண்டு: ஒன்றைக் கண்டு மற்ற மூன்றை விட்டவரும், நான்கையும் கண்டவரும் இதில் சமமாகவே கணக்கிடப்படுகின்றனர்.

புதிய கருவியைப் பழைய முறையோடு ஒப்பிடும்போது, யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற சீரற்ற ஒதுக்கீட்டால் தீர்மானிப்பதே நம்பத்தக்க வழி. வயது, உடல்நிலை போன்ற வேறுபாடுகள் அப்போது இரு குழுக்களிலும் ஏறத்தாழ சமமாகப் பரவுகின்றன. ஆயினும் திரையில் பாலிப்பைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவி இயங்குகிறதா இல்லையா என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடுவதால், அவருடைய கவனமே மாறிவிட வாய்ப்புண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 1,058 பேரைக் கொண்டு இவ்வாறு மறைப்பின்றி நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில் கண்டறிதல் வீதம் 20.3 விழுக்காட்டிலிருந்து 29.1ஆக உயர்ந்திருந்தது. அதே ஆய்வுக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்விலோ, ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு போலிக் கருவி வைக்கப்பட்டது. பாலிப்பை ஒத்துத் தோன்றும், ஆனால் பாலிப் அல்லாதவற்றை அது சுட்டிக்காட்டியதால், உண்மைக் கருவி எது என்று மருத்துவர் அறியவில்லை. அப்போதும் வீதம் 28லிருந்து 34 விழுக்காடாக உயர்ந்தது. இரண்டும் வெவ்வேறு நோயாளிகளிடம் நடந்தவை என்பதால் இடைவெளி சுருங்கியதற்கு மறைப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது; மறைத்த பின்னும் பலன் நிலைத்தது என்பதே இந்த ஆய்வின் மதிப்பு.

எவரைச் சோதித்தனர், எதை எண்ணினர் என்பவையும் விடையை மாற்றுகின்றன. ஸ்பெயினில், மலச் சோதனையில் இரத்தத் தடயம் காணப்பட்ட 3,213 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, முற்றிய நிலை வளர்ச்சிகளை முதன்மை அளவுகோலாகக் கொண்டது. செயற்கை நுண்ணறிவு உதவியோடு 34.8 விழுக்காட்டினரிடமும், உதவியின்றி 34.6 விழுக்காட்டினரிடமும் அவை அகப்பட்டன. அதாவது, சிறு பாலிப்களை எண்ணும் ஆய்வு வெற்றி என்று காட்டும் கருவியே, ஆபத்தான வளர்ச்சிகளை எண்ணும் ஆய்வில் வேறுபாடு காட்டாமல் போகலாம். கண்டறிதல் வீதத்துக்கும் புற்றுநோய் அபாயத்துக்கும் இடையே 2014ஆம் ஆண்டு ஆய்வு கண்ட தொடர்பு, மருத்துவர்களிடையே இயல்பாக இருந்த திறன் வேறுபாட்டைச் சார்ந்தது. கருவி சேர்த்துத் தரும் மிகச் சிறிய பாலிப்களுக்கும் அதே தொடர்பு பொருந்தும் என்று தானாகக் கொள்ள முடியாது. பெரும்பாலான சிறு பாலிப்கள் ஒருபோதும் புற்றாவதில்லை. ஆனால் அவற்றை அகற்றுவதும் தொடர் கண்காணிப்பும் நோயாளிக்குச் செலவையும் சிரமத்தையும் கூட்டுகின்றன.

புற்றுநோயையே நேரடியாக எண்ணுவதற்கு எவ்வளவு பெரிய முயற்சி தேவை என்பதை, போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 84,585 பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான நார்டிக் ஆய்வு உணர்த்துகிறது. கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினரே வந்தனர். அழைக்கப்பட்ட அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பத்தாண்டில் புற்றுநோய் அபாயம் அழைக்கப்படாதோரைவிட 18 விழுக்காடு குறைந்தது. எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருத்திக் கணக்கிட்டபோது அது 31 விழுக்காடாயிற்று. முதல் எண் அழைப்பு விடுக்கும் திட்டத்தின் பயனையும், இரண்டாவது எண் சோதனையின் பயனையும் சொல்கின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், சோதனையின் பயனைக் குறைத்து மதிப்பிட நேரும்.

எனவே, புதிய கருவி இத்தனை விழுக்காடு கூடுதலாகக் கண்டறிகிறது என்ற செய்தியைப் படிப்போர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: எதனோடு ஒப்பிட்டனர், எவரிடம் சோதித்தனர், எந்தக் குழு எது என்பதை மருத்துவர் அறிந்திருந்தாரா, எண்ணப்பட்டது சிறு பாலிப்பா, முற்றிய வளர்ச்சியா, புற்றுநோயா? இவற்றுக்கு விடை தராத விழுக்காட்டை நம்பிச் சோதனைக்கு விரைவதும் தவறு, அதையே காரணம் காட்டிச் சோதனையைத் தவிர்ப்பதும் தவறு.