கேமரன் மலைக்குப் போகிறீர்களா?

டிசம்பர் விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பாகான் டாலாம் வட்டாரத்தில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும். "இந்த வருஷம் எங்கே பஸ் எடுக்கலாம்?" என்பதே அது. கோயில் அன்பர்கள் ஒரு பக்கம், இளைஞர் மன்றத்தார் ஒரு பக்கம், மாதர் சங்கத்தார் இன்னொரு பக்கம் என்று ஆள் சேர்ப்பார்கள். நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு பஸ். பாட்டி முதல் பேத்தி வரை ஏறிக்கொண்டால் அதிகாலையில் புறப்பாடு. எங்கே என்று கேட்டால், பத்துக்கு ஐந்து தடவை பதில் ஒன்றுதான்: கேமரன் மலை!

கையில் நாலு காசு உள்ளவர்கள் இன்று இத்தாலி வரை கூட்டாகப் போய் வருகிறார்கள். குளிர்காலத்தில் போனால் கூட்டமும் குறைவு, செலவும் குறைவு என்கிறார்கள். அங்கே என்ன பார்க்கிறார்கள்? திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். திராட்சை மது செய்யும் கூடங்களைப் பார்க்கிறார்கள். குன்றின் உச்சியில் கோட்டை போல அமர்ந்திருக்கும் பழைய ஊர்களைப் பார்க்கிறார்கள். குன்று, குளிர், மூடுபனி, சரிவில் வரிசை வரிசையாகச் செடிகள், செடியில் விளைந்ததைப் பானமாக்கும் தொழிற்சாலை, பக்கத்திலே சின்னச் சின்ன ஊர்கள். யோசித்துப் பாருங்கள், இவை எல்லாமே கேமரன் மலையிலும் உண்டல்லவா? திராட்சைக்குப் பதில் தேயிலை. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குன்றின்மேல் ஊர் எதற்கு?

இத்தாலியில் மக்கள் ஏன் குன்றின் உச்சியில் போய் ஊர் கட்டினார்கள்? கீழே சமவெளியில் சதுப்பு நிலமும் மலேரியாக் காய்ச்சலும் இருந்தன. எதிரிப் படைகளின் தொல்லையும் இருந்தது. ஆகவே உயிருக்குப் பாதுகாப்புத் தேடி மேலே ஏறினார்கள். சான் ஜிமிஞானோ என்ற ஊரில் அந்தக் காலத்துச் செல்வர்கள் போட்டி போட்டுக் கட்டிய கல் கோபுரங்கள் இன்றும் பதினான்கு நிற்கின்றன. அந்த ஊர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை.

நம் கேமரன் மலையின் கதை வேறு. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் அந்தப் பகுதிக்குப் பயணம் செய்து, மேலே ஒரு பீடபூமி இருப்பதாக எழுதி வைத்தார். அவர் போவதற்கு முன்பே செமாய், தெமியார் போன்ற பூர்வகுடி மக்கள் அந்தக் காடுகளில் வாழ்ந்து வந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான், 1925 வாக்கில், வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்த மலையின் நினைவு வந்தது. கீழே வெயிலில் வாடியவர்கள் இளைப்பாற ஒரு குளிர்ந்த இடம் வேண்டும் என்று திட்டமிட்டார்கள். தாப்பாவிலிருந்து மலைப்பாதை போட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் அது தானா ராத்தா வரை எட்டியது. தானா ராத்தா என்றால் சமநிலம் என்று பொருள். மலைமேல் சமநிலம் கிடைப்பது அருமை. அதனால்தான் அந்தப் பெயர்.

ஆக, அவர்கள் ஊர் கட்டியது இளைப்பாறுவதற்கு. நம்மவர்கள் அங்கே போனது உழைப்பதற்கு.

நட்டவர் யார்?

1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சீனாவில் தேயிலைக்குப் பேர்போன பொஹீ மலையின் பெயரைச் சுருக்கித்தான் 'போ' என்று வைத்தார்கள் என்பார்கள். 1933-ல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தை உருவாக்கினார்கள். இந்தப் பெயர்களைத் தொழிற்சாலைச் சுவரிலும் விளம்பரப் பலகையிலும் நீங்கள் படிக்கலாம்.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1930 முதல் உலகமெங்கும் பொருளாதார மந்தம். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை, "வேலை இல்லை, ஊருக்குப் போ" என்று கப்பலேற்றி அனுப்பினார்கள். அதே காலத்தில்தான் மேலே கேமரன் மலையில் காட்டை அழித்துத் தேயிலைக் கன்று நடும் வேலை நடந்தது. இன்று போல இயந்திரங்கள் கிடையாது. செங்குத்தான சரிவில் கால் ஊன்றி நின்று, மண்வெட்டியும் கோடரியுமாகச் செய்த வேலை அது. அந்தக் கைகளில் பெரும்பங்கு தமிழர்களின் கைகள். அவர்களுடைய பெயர்களைத் தாங்கி நிற்கும் பலகை எதுவும் இல்லை. அந்தச் செடிகள்தான் அவர்களுடைய பலகை.

நாம் போய் நின்று, "ஆகா, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறதே!" என்று படம் எடுத்துக்கொள்கிறோம். கம்பளம் என்றால் நெய்தவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா?

செடியிலிருந்து கோப்பைக்கு

இத்தாலிக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் திராட்சைக் குலைகளைப் பார்க்க முடியாது. அறுவடை செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இலை உதிர்ந்த கொடிகளைத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகக் கவ்வாத்து செய்துகொண்டிருப்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த வெட்டில்தான் அடுத்த ஆண்டின் விளைச்சல் இருக்கிறது என்று அங்குள்ள வழிகாட்டிகள் நிறுத்தி விளக்குவார்கள். வடக்கே லாங்கே என்ற குன்றுப் பகுதியில் விளையும் ஒரு திராட்சைக்கு நெபியோலோ என்று பெயர். 'நெபியா' என்றால் அவர்கள் மொழியில் மூடுபனி. அறுவடைக் காலத்துப் பனியை வைத்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பயணிகள் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஒரு மடக்குச் சுவைத்துப் பார்க்கிறார்கள்.

நாமும் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே! தேயிலைக்கும் கவ்வாத்து உண்டு. வெட்டாமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி அதைப் புதராக வைத்திருக்கிறார்கள். நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததுதான் நல்ல கொழுந்து. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு உருளையில் போட்டு நசுக்கி உருட்டுவார்கள். அடுத்து அதைக் காற்றுப்பட வைத்துப் புளிக்க விடுவார்கள். பச்சை நிறம் செம்பு நிறமாக மாறி, மணம் பிறப்பது அப்போதுதான். அதன் பின் சூட்டில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிப்பார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். தரம் பார்ப்பவர்கள் ஒரு கரண்டித் தேநீரை 'சர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிடுவார்கள். இத்தாலியில் மது சுவைப்பவர்களும் அப்படித்தான் துப்புகிறார்கள்!

இவ்வளவும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தால், கடையில் குடிக்கும் தே தாரேக் ஒரு வெறும் பானமாகத் தெரியாது.

வருகிறவன் காசு யாருக்கு?

இத்தாலியிலும் உழைத்தவன் ஒருவன், அனுபவித்தவன் ஒருவன் என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது. நிலம் சீமானுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிப் பாதி. நம் நாட்டு வாரக் குத்தகை போன்றது. 1964-ல் அந்த முறையில் புதிய ஒப்பந்தங்கள் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஏராளமானோர் குன்றுகளை விட்டு நகரத்து ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். வீடுகள் பாழடைந்தன. பிறகு 1985-ல் இன்னொரு சட்டம். விவசாயி தன் பண்ணை வீட்டிலேயே பயணிகளைத் தங்க வைக்கலாம், தன் நிலத்து விளைச்சலைச் சமைத்துப் போடலாம் என்று அது வழி செய்தது. இன்று அங்கே போகிற பயணியின் காசில் ஒரு பங்கு உழுகிறவன் வீட்டுக்கே போகிறது. மங்கிக் கிடந்த குன்றுகளில் மீண்டும் விளக்கு எரிகிறது.

நான் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும்போது லயத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போவதைப் பார்த்துப் பழகியவன். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாற்பது பேர் கேமரன் மலைக்குப் போய்ச் செலவழிக்கும் காசில், அந்த மலையில் வேர்வை சிந்தியவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மால் ஆனதைச் செய்யலாம். பஸ்ஸிலேயே சோறு கட்டிக்கொண்டு போகாமல், ஒரு வேளைச் சாப்பாட்டையாவது தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ உள்ள நம்மவர் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி, பூ, தேன் என்று வாங்கும்போது சாலையோரத்துச் சிறு கடைகளையும் பாருங்கள். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி சுவாமி கோயில் இருக்கிறது. தரிசனம் முடிந்ததும் காணிக்கை போடுங்கள். தானா ராத்தாவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. போவதற்கு முன்பே கடிதம் எழுதி, அங்கே நூலகத்துக்கு என்ன புத்தகம் தேவை என்று கேட்டு, பஸ்ஸில் ஒரு பெட்டி ஏற்றிக்கொண்டு போகலாம். இடம் அடைக்காது.

இன்னொன்று. இன்று சரிவுகளில் கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம்தான். அதைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். "இப்போது நம்ம ஆட்களே இல்லையே" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நம் பாட்டன்மாரும் ஒரு நாள் இப்படித்தான் மொழி தெரியாத மலையில் வந்து நின்றார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், செடிகளுக்குள் புகுந்து கொழுந்தை ஒடிப்பதும் வேண்டாம். ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள். முகம் மலர்வார்கள்.

பத்திரம், பத்திரம்!

மலைப்பயணத்தில் விளையாட்டு கூடாது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, கேமரன் மலையிலிருந்து இறங்கிய ஒரு சுற்றுலா பஸ் சிம்பாங் பூலாய் சாலையில் கவிழ்ந்தது. தாய்லாந்திலிருந்து கூட்டாக வந்தவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களும் நம்மைப் போல விடுமுறைக்கு வந்தவர்கள்தாம்.

பட்டர்வொர்த்திலிருந்து போகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழிதான் வசதி. தாப்பா வழி பழையது, வளைவுகள் மிகுந்தது. எந்த வழியானாலும், வாடகை குறைவு என்பதற்காகப் பழைய பஸ்ஸைப் பேசாதீர்கள். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய டிரைவர்தானா என்று கேளுங்கள். இரவில் இறங்கும்படி திட்டம் போடாதீர்கள். 2025 ஜூலை முதல் சுற்றுலா பஸ்ஸில் இருக்கை வார் அணிவது கட்டாயம். அபராதத்துக்குப் பயந்து அல்ல, உயிருக்காக அணியுங்கள்.

ஆண்டு இறுதி மழைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம். காடுகளை அளவுக்கு மீறி அழித்ததால் மலைமண் இளகிக் கிடக்கிறது. 2013 அக்டோபரில் கனமழை பெய்து, ரிங்லெட் அருகே உள்ள அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அடைமழை என்று வானிலைச் செய்தி சொன்னால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். மலை எங்கும் ஓடிப் போகாது.

சில்லறைக் குறிப்புகளும் உண்டு. 'போ' நிறுவனத்தின் தேயிலை மையங்கள் திங்கட்கிழமையில் மூடியிருப்பது வழக்கம், கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் பாதை மிகக் குறுகல். பெரிய பஸ்ஸை அங்கே கொண்டுபோகலாமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். இரவில் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்கும். முதியவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் அவசியம்.

முதியவர்கள் என்றதும் ஒரு வேண்டுகோள். "பாட்டியால் நடக்க முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லாதீர்கள். பால்வெட்டியவரோ, கொழுந்து கிள்ளியவரோ, ஒரு முதியவரை முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். விடியற்காலைப் பெரட்டு எப்படி இருந்தது, கங்காணி எப்படிக் கூப்பிடுவார், குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள் என்று போகும் வழியில் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாத கதையை அவர் சொல்வார். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளை, மலையில் இறங்கியதும் பச்சைக் கம்பளத்தைப் பார்க்காது. தன் குடும்பம் உழைத்த மண்ணைப் பார்க்கும்.

போய் வாருங்கள். வரும்போது ஒரு பொட்டலம் தேயிலையோடு, மேலே இருக்கும் நம் சொந்தங்களின் நலத்தையும் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.