எலும்போடு ஒட்டும் கண்ணாடி... கேன்சரையும் கொல்லுமா? உண்மை என்ன?

உடம்பில் கண்ணாடித் துண்டு குத்தினா உடனே எடுக்கணும். இல்லேன்னா சீழ் வைக்கும். ஆனால், டாக்டர்களே எலும்புக்குள் வைக்கும் ஒரு கண்ணாடியும் இருக்கு. அதுதான் ‘பயோ கிளாஸ்’.

யார் கண்டுபிடிச்சது?

1967-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி ஹென்ச், பஸ் பயணம் ஒன்றில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ கர்னலைச் சந்தித்தார். காயமடைந்த வீரர்களுக்குப் பொருத்தும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்பதில்லை, ஏற்கிற பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டார் கர்னல். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் 1969-ல் உருவான இந்தக் கண்ணாடி. எலிகளின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். 6 வாரம் கழித்து அதைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை!

எப்படி ஒட்டுது?

ஜன்னல் கண்ணாடியில் சுமார் 70% சிலிக்கா. இதில் 45% மட்டுமே. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். அதனால் உடல் திரவம் பட்டதும் மெல்லக் கரையும். வெளிவரும் கால்சியமும் பாஸ்பேட்டும் எலும்பில் உள்ள தாதுவைப் போலவே மேலே படலமாகப் படியும். அதன்மேல் எலும்பு செல்கள் வளர ஆரம்பிச்சிடும்.

எதுக்கெல்லாம் பயன்படுது?

* 1985-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் பயன்பாடு, நடுக்காது எலும்புக்கு மாற்று
* ஈறு நோயால் அரித்த தாடை எலும்பை நிரப்ப
* பல் கூச்சத்துக்கான சில டூத்பேஸ்ட்களில்
* எலும்பில் நாள்பட்ட தொற்றுக்கு. கண்ணாடி கரையும்போது காரத்தன்மை கூடும், கிருமிகள் தாக்குப்பிடிக்காது
* ஆறாத புண்களுக்கு, பஞ்சு மிட்டாய் போன்ற போரேட் கண்ணாடி இழை

கேன்சருக்கு?

இங்கதான் குழப்பமே. பேசப்படுவது இரண்டு வேறு கண்ணாடிகள்.

முதலாவது, கல்லீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கு. யிட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட, 20 முதல் 30 மைக்ரான் அளவுள்ள கண்ணாடி மணிகளைக் கல்லீரல் தமனி வழியாகச் செலுத்துவார்கள். அவை கட்டியின் நுண்குழாய்களில் தங்கி, உள்ளிருந்தே கதிர்வீச்சு கொடுக்கும். சுமார் 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். ஆனால் இது எலும்புக் கண்ணாடிக்கு நேரெதிர். கரையவே கூடாது, கரைஞ்சா கதிரியக்கம் ரத்தத்தில் கலந்துடும்.

இரண்டாவது, காலியம் உலோகம் சேர்த்த பயோ கிளாஸ். எலும்புப் புற்று செல்கள் காலியத்தை அதிகமாக உறிஞ்சி அழிகின்றன. 99% வரை அழிந்ததாக 2024-ல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். கட்டியை அகற்றிய இடத்தில் இதை வைத்தால், மிச்சமிருக்கும் புற்று செல்களை அழிப்பதோடு புது எலும்பும் வளரும் என்பது எதிர்பார்ப்பு.

கவனிக்க வேண்டியது என்ன?

அந்த 99%, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. நோயாளிகளிடம் கிடைத்தது அல்ல. ‘எலும்பு கேன்சருக்கு மருந்து வந்தாச்சு’ன்னு வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பி, நடந்துட்டு இருக்கிற கீமோவையோ ஆபரேஷனையோ தள்ளிப்போடாதீங்க. சந்தேகம் இருந்தா சிகிச்சை தரும் டாக்டரிடமே கேளுங்க.