கரையோர எஞ்சின்கள் – 6: கிண்ணத்தில் தேங்கும் எரிபொருள்

நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், அன்றைய ஓட்டத்தில்தான் ஏதோ கோளாறு நேர்ந்தது என்று கருதுவது வழக்கம். ஆனால் எரிபொருள் சார்ந்த பழுதுகளில் பெரும்பாலானவை, படகு கரையேறி, எஞ்சின் ஓடாமல் கிடக்கும் நாட்களிலேயே கார்புரேட்டருக்குள் உருவாகிவிடுகின்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கே உரியது என்பதால், வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள் அக்காலத்திலும் கடலுக்குச் செல்கின்றன. அவை தொடர்ந்து கரையில் கிடப்பது வடகிழக்குப் பருவமழையின்போது, புயல் எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில்தான்; காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் அக்காலமே எரிபொருள் கெடுவதற்கும் ஏற்ற காலமாக அமைந்துவிடுகிறது.

எரிபொருளையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியே கார்புரேட்டர். அதன் காற்றுவழி நடுவில் குறுகுகிறது. 1797இல் நீரோட்டம் பற்றிய ஆய்வை வெளியிட்ட இத்தாலிய அறிஞரின் பெயரால் இக்குறுகல் வெஞ்சுரி எனப்படுகிறது. அவ்விடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைவதால், அடியில் உள்ள கிண்ணத்திலிருந்து எரிபொருள் ஜெட் எனப்படும் நுண்துளைகளின் வழியே மேலே உறிஞ்சப்படுகிறது. கிண்ணத்தின் எரிபொருள் மட்டத்தை ஒரு மிதவையும், அதனுடன் இயங்கும் ஊசி வால்வும் கட்டுப்படுத்துகின்றன. மெதுவான ஓட்டத்துக்கு எரிபொருள் தரும் சிறிய ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது என்பதால், கண்ணுக்குத் தெரியாத படிவும் அதை அடைக்கப் போதுமானது.

எஞ்சினை நிறுத்திய பின்னும் கிண்ணத்தில் எரிபொருள் எஞ்சியிருக்கும். பெட்ரோலின் இலகுவான பகுதிகள் ஆவியாகிவிட, மீதி காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பு நிறப் பிசினாக மாறி ஜெட்டிலும் ஊசி வால்விலும் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பெட்ரோல் ஆவியான பின் எஞ்சும் எண்ணெயும் இப்படிவைக் கூட்டுகிறது. சோக்கை இழுத்தால் மட்டும் ஓடி, அதை உள்ளே தள்ளியதும் நின்றுவிடும் எஞ்சின், எரிபொருள் போதாமல் தவிக்கிறது. சிறிய ஜெட்டின் அடைப்பைக் காட்டும் முதல் அடையாளம் இதுவே. இத்தகைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயும் பெட்ரோலோடு ஜெட்களின் வழியேதான் வரவேண்டியிருப்பதால், பாதி அடைபட்ட ஜெட்களோடு முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிவிடும் ஆபத்து உண்டு.

எத்தனால் கலப்பு இச்சிக்கலைப் பெரிதாக்கியிருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது; ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 10 சதவீதக் கலவை சுமார் 15 டிகிரி செல்சியஸில் அரை சதவீத அளவு நீரையே தாங்கும். அதாவது 20 லிட்டர் டேங்கில் 100 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும். அதைக் கடந்தால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகப் படிகின்றன. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனையும் அங்கேதான் இருக்கிறது. 20 சதவீதக் கலவை சற்றுக் கூடுதலான நீரைத் தாங்கினாலும், பிரியும்போது அதன் அடியடுக்கு இன்னும் பெரிதாகிறது. அவ்வடுக்கில் எண்ணெய் கரையாது என்பதால், அதை உறிஞ்சும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உயவின்றி ஓட நேர்கிறது. வெளிப்பொருத்து எஞ்சின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதத்தையே எத்தனாலின் உச்ச வரம்பாகக் குறிப்பிடுகின்றன என்பதை உரிமையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய்யில் ஓடும் எஞ்சின்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் அவ்வகை எஞ்சின் பெட்ரோலில் கிளப்பப்பட்டு, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகிறது. அதேபோல், கரையை நெருங்கும்போது மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் மறுநாள் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுப்பதோடு, ஸ்பார்க் பிளக்கும் நனைந்துவிடும்.

தடுப்பு முறைகள் எளியவை. டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையே நீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால், துருவும் நீரும் கார்புரேட்டரை அடையும் முன்பே தடுக்கப்படும். சில நாட்களுக்குக் கடலுக்குச் செல்ல முடியாது என்று தெரிந்தவுடன், நன்னீர் பாய்ச்சி எஞ்சினைக் கழுவும் வேளையிலேயே எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை மெதுவாக ஓடவிட வேண்டும். குளிர்விக்கும் நீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் இறக்கை சிறிது நேரத்திலேயே கருகிவிடும். அப்படி ஓட்டிய பின்னும் கிண்ணத்தின் அடியில் சிறிது எரிபொருள் தங்குமாதலால், அங்குள்ள திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், அடியில் நீர் தனியாகத் தேங்குவதோ, பழுப்புத் துகள்கள் படிவதோ தெளிவாகத் தெரியும். நீர் தெரிந்தால் டேங்கையும் வடித்தே ஆக வேண்டும். இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் செய்வது கட்டாயம்.

டேங்கின் காற்றுத் திருகைக் கரையில் மூடி வைப்பதும், பெட்ரோலை ஓரிரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குவதும், கையால் அழுத்தும் ரப்பர் பல்பிலும் குழாயிலும் வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பதும் இவற்றோடு சேர வேண்டியவை. அடைப்பு நேர்ந்துவிட்டால், ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளைத் துளை சிறிதே பெரிதானாலும் கலவையின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். கார்புரேட்டர் சுத்திகரிப்பான் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதுவதே முறையானது.

வெளிப்பொருத்து எஞ்சின் வாங்க அரசு மானியம் வழங்குகிறது. அம்மானியத்தோடு நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும், கிண்ணத்தை வடிக்கக் கற்பிக்கும் அரைநாள் பயிற்சியும் சேர்த்து வழங்கப்பட வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இக்கோரிக்கையை மீன்வளத் துறையிடம் வலியுறுத்துவதோடு, வரும் பருவமழைக்கு முன்பே தங்கள் உறுப்பினர்களுக்கு இப்பயிற்சியைத் தாமே தொடங்கிவிடுவது நல்லது. காற்றும் நீரோட்டமும் மாறும் வேளையில் எஞ்சின் நின்றுபோனால், பணயம் வைக்கப்படுவது படகில் இருப்போரின் உயிரே.

(தொடரும்)