கடைக்காரர் அடித்த காசு

டண்டினொங் சந்தை 1866இல் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை விக்டோரியாவில் கடைக்காரர்களே காசு அடித்து விட்டார்கள் என்றால் நம்புவீர்களா? சில்லறைத் தட்டுப்பாடுதான் காரணம். 1849இல் மெல்பேர்ண் பலசரக்குக் கடையான ஆனண்ட் ஸ்மித் கொம்பனி, தன் பெயர் பொறித்த ஒரு பென்னிச் செப்பு வில்லையை வெளியிட்டது. மற்றக் கடைகளும் பின்தொடர்ந்தன. காசுக்குக் காசு, விளம்பரத்துக்கு விளம்பரம்! 1863இல் விக்டோரியா அரசு இதைத் தடைசெய்தது.

இதற்கும் முன்பே, 1843இல், கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கொம்பனி தன் கோப்பி ஆலையின் பெயரில் வில்லை அடித்தது. கோப்பிக் களஞ்சியங்களில் வேலை செய்தோருக்கு இத்தகைய வில்லைகளே கையில் கிடைத்தன. பிறகுதான் அவை காசாகும். கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர்கள் நடந்து வந்த காலம் அது. வில்லையில் கொம்பனியின் பெயர் உண்டு. உழைத்தவர் பெயர் இல்லை. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன, வில்லைகள் மிஞ்சின.

பழம்பொருட் கடையில் இப்படியொன்று அகப்பட்டால் புளி போட்டு மினுக்கிவிடாதீர்கள், பெறுமதி போய்விடும். வீட்டிலும் ஒருமுறை தேடுங்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைப் பேர்ஸ், புடவைக்கடைக் கலண்டர், பழைய பற்றுச்சீட்டு ஏதும் பெட்டியடியில் இருந்தால் எறியவேண்டாம். எரிந்துபோன கடைகள் சிலவற்றின் பெயரும் இலக்கமும் இப்போது அந்தத் தாள்களில்தான் இருக்கின்றன.